மலைநாட்டு வீதிகளில் காற்றுக் குளிர்ச்சிச் சிறுகார்: பழுதுகளும் பராமரிப்பும்

ரேடியேற்றரும் தண்ணீரும் இல்லாமல், எஞ்சினின் சூட்டை நேரே காற்றுக்குக் கொடுத்துவிடும் முறை காற்றுக் குளிர்ச்சி எனப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் வெளிவந்த மிகச் சிறிய கார்களிற் பெரும்பாலானவை இம்முறையையே கைக்கொண்டன. எடை குறைவு, விலை குறைவு, உறைபனியில் உறைவதற்கும் கோடையில் கொதிப்பதற்கும் தண்ணீர் இல்லை என்பவை அதற்கான காரணங்கள். அத்தகைய காரொன்றை இன்று கண்டி நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில், குறிப்பாக மகாவலிக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டையை இருப்பிடமாகக் கொண்டு ஓட்டிப் பேணுவது இயலுமா, இயலுமெனின் எவற்றில் கவனம் வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. ஏற்றத்தில் எஞ்சின் சூடேறிச் சிக்கிவிடும் என்பது பொதுவான அச்சம். காரின் அமைப்பையும் இடத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சினைவிட இறக்கத்தில் பிறேக்கும், மழையில் அடித்தகடுமே இக்கார்களின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது புலப்படும்.

இவ்வகைக்கு முன்மாதிரியாக ஃபியட் 500ஐ எடுத்துக்கொள்வது பொருத்தமானது. தாந்தே ஜியாகோசா வடிவமைத்து 1957 யூலையில் வெளிவந்த இக்கார் 1975 வரை உற்பத்தியில் இருந்தது. மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமும், ஏறக்குறைய 500 கிலோகிராம் எடையும், பின்புறத்தில் இரண்டு சிலிண்டர் எஞ்சினும் உடையது. தொடக்கத்தில் 479 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 13 குதிரைவலுவும் கொண்டிருந்த எஞ்சின், பின்னர் 499 கன சென்ரிமீற்றராகி 18 குதிரைவலுவை எட்டியது. இதே காலத்தைச் சேர்ந்த சுபாரு 360, பி.எம்.டபிள்யூ. இசெற்றா, கொக்கோமொபில் ஆகியவற்றின் நுட்பம் வேறுபடினும், பழுதுகளின் இயல்பு பெரிதும் ஒன்றே. இலங்கையில் காற்றுக் குளிர்ச்சியைப் பலருக்கும் பழக்கமாக்கியவை இவையல்ல. அவற்றைவிடப் பெரிய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும், அவற்றைவிடச் சிறிய பஜாஜ் முச்சக்கர வண்டியுமே ஆகும். கண்டிப் பிரதேசத்து மெக்கானிக் ஒருவரிடம் இவ்வகை எஞ்சின் பற்றிய அறிவு இருக்குமாயின், அது இவ்விரண்டில் ஒன்றிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.  

காற்றுக் குளிர்ச்சி என்றதும், கார் ஓடும்போது எதிர்க்காற்று எஞ்சினில் படுவதே போதும் என்று எண்ணுவது தவறு. மோட்டார் சைக்கிளில் அது நடக்கலாம். பின்புறத்தில் மூடிக்குள் அடைபட்ட எஞ்சினுக்கு எதிர்க்காற்று எட்டாது. ஆகவே ஒரு விசிறி காற்றை உள்ளே இழுத்து, எஞ்சினைச் சுற்றி அமைந்த தகட்டு உறைக்குள் தள்ளுகிறது. அந்த உறை காற்றைச் சிலிண்டர்களின் மேலுள்ள செட்டைகளுக்கு, அதாவது சூடு வெளியேறும் பரப்பைப் பெருக்குவதற்காக வார்க்கப்பட்ட மெல்லிய தகடுகளுக்கு இடையே செலுத்தி, சூடேறிய பின் வெளியேற்றுகிறது. எஞ்சின் குளிராயிருக்கும்போது காற்றோட்டத்தைத் தடுத்துவைத்து, சூடேறியதும் திறந்துவிடும் ஒரு மடலும் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டற்றும் உறையின் வெளிவாயிலில் உள்ளன. இம்மடல் துருப்பிடித்து மூடிய நிலையில் இறுகிவிட்டால், வேறு எந்தக் குறையும் இல்லாமலே எஞ்சின் சூடேறும். தெர்மோஸ்டற் பழுதான கார்களில் மடலைத் திறந்தபடியே கட்டிவிடும் வழக்கம் உண்டு. வெப்பநாட்டில் அது பெருந்தீங்கில்லை, ஆயினும் கண்டியின் மார்கழி, தைக் காலைக் குளிரில் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதிப்பதால் எண்ணெயில் ஈரம் தங்கும்.

சூடேறுதல் பற்றிய முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்த உறையின் ஒழுங்கின்மையிலேயே முடிகிறது. எஞ்சினை இறக்கி ஏற்றும்போது ஒரு தகட்டை ‘தேவையில்லாதது’ என்று விட்டுவிடுவது, திருகாணிகள் குறைவாகப் பூட்டுவது, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான இறப்பர்ப் பட்டி காய்ந்து விழுந்ததைக் கவனியாதிருப்பது ஆகியவை இப்பகுதிக் கராஜ்களில் மட்டுமன்றி எங்கும் நடப்பவை. பீட்டிலில் அந்த இறப்பர்ப் பட்டி இல்லாவிடில், சிலிண்டர்களைக் கடந்து கீழே வெளியேறிய சூடான காற்றை விசிறி மீண்டும் மேலே இழுத்துக்கொள்ளும். செட்டைகளுக்கு இடையே எண்ணெயும் தூசியும் சேர்ந்து களியாக இறுகியிருந்தாலும் இதே விளைவுதான். வெளியிலிருந்து பார்த்தால் பளபளக்கும் எஞ்சின், உறையைக் கழற்றினால் உள்ளே அடைபட்டிருப்பதுண்டு. பழைய பீட்டில்களில் எண்ணெய்க் குளிர்ப்பி உறைக்குள் மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்பதால், அந்தச் சிலிண்டருக்குச் சேரும் காற்று முன்னதாகவே சூடேறியிருக்கும் என்பதும், அதன் வெளியேற்று வால்வே முதலில் பழுதாகும் என்பதும் நன்கறிந்த செய்தி.

விசிறியைச் சுழற்றும் பெல்ட் தனியே பேசப்படவேண்டியது. ஃபியட் 500இலும் பீட்டிலிலும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஒரே பெல்ட் மின்னையும் தருகிறது, குளிர்ச்சியையும் தருகிறது. தண்ணீர்க் குளிர்ச்சிக் கார் ஓட்டிப் பழகியவர், முகப்பில் சிவப்பு மின்னேற்ற விளக்கு எரிந்தால் பற்றரி தாங்கும்வரை வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்கிடுவார். இக்கார்களில் அக்கணக்கு எஞ்சினைக் கொன்றுவிடும், ஏனெனில் அந்த விளக்கு எரிவதற்கு முதற் காரணம் பெல்ட் அறுந்திருப்பதாகவும், பெல்ட் அறுந்திருந்தால் விசிறி நின்றுவிட்டதாகவும் கொள்ளவேண்டும். வெப்பமானி இல்லாத இக்கார்களில் சாரதிக்குக் கிடைக்கும் சூட்டு எச்சரிக்கை நடைமுறையில் இந்த மின்னேற்ற விளக்கு மட்டுமே. பெல்ட்டை இறுக்கும் முறையும் வழக்கத்துக்கு மாறானது: டைனமோவின் கப்பி இரண்டு பாதிகளாகப் பிரியும், அவற்றுக்கு இடையே மெல்லிய வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கும், ஒரு வளையத்தை உள்ளிருந்து எடுத்து வெளிப்புறத்தில் வைத்தால் கப்பியின் பள்ளம் குறுகிப் பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த வளையத்தை வீசிவிடாமல் வெளிப்புறத்திலேயே வைத்துப் பூட்டவேண்டும், புதுப் பெல்ட் போடும்போது அது மீண்டும் தேவைப்படும். விரலால் அழுத்தும்போது ஃபியட்டில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தாழ்வது சரியான இறுக்கம். அதற்கு மேல் இறுக்கினால் டைனமோவின் பெயாரிங் தேயும். மலைவீதியில் மாற்றுப் பெல்ட்டும் அதற்குரிய சாவியும் இல்லாமல் புறப்படுவது பொறுப்பற்ற செயல் என்றே கூறவேண்டும்.

விசிறி எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பவே சுழல்வதால், கட்டுகஸ்தோட்டையிலிருந்து எத்திசையில் ஏறினாலும் ஓட்டும் முறையே பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மூன்றாம் கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஏறுபவர், குறைந்த காற்றோட்டத்தில் கூடிய சுமையைச் சுமத்துகிறார். இரண்டாம் கியரில் சத்தத்துடன் ஏறுபவரின் எஞ்சின் குளிர்ந்தே இருக்கும். முச்சக்கர வண்டிச் சாரதிகள் இதை யாரும் கற்பிக்காமலே கடைப்பிடிக்கின்றனர். உயரத்தின் பாதிப்பும் உண்டு. கட்டுகஸ்தோட்டையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட நூற்றுக்கு நான்கைந்து பங்கு குறைவு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது நூற்றுக்குப் பதினேழளவு குறைந்து, 18 குதிரைவலு ஏறக்குறைய 15 ஆகிவிடும். அங்கே காற்றுக் குறைந்து பெற்றோல் மிஞ்சுவதால் பிளக்குகள் கறுக்கும், கறுப்புப் புகை வரும். கண்டியைச் சுற்றியே ஓடும் காருக்குக் கார்புரேற்றரின் ஜெட்டை, அதாவது பெற்றோல் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுடைய சிறு பித்தளைத் துண்டை, மாற்ற வேண்டிய அவசியமில்லை; மாற்றிவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால் கலவை மெலிந்து எஞ்சின் மேலும் சூடேறும்.

குளிர்ச்சியில் காற்றுக்கு அடுத்த பங்கு எண்ணெய்க்கு. தண்ணீர் இல்லாத எஞ்சினில் பிஸ்டனின் அடியிலிருந்தும் வால்வுகளின் சுற்றுப்புறத்திலிருந்தும் சூட்டை எடுத்துச் செல்வது எண்ணெயே. ஃபியட் 500இல் அது ஏறக்குறைய இரண்டரை லீற்றர் மட்டுமே இருப்பதால், அரை லீற்றர் குறைந்தாலும் ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். இக்கார்களில் இன்று வழக்கமான காகித வடிகட்டி கிடையாது. பீட்டிலில் ஒரு கம்பிவலைச் சல்லடை உண்டு. ஃபியட்டில் சல்லடையுடன், எஞ்சினின் சுழல்தண்டு முனைக் கப்பிக்குள் ஒரு சுழல் வடிகட்டியும் உண்டு. எண்ணெய் அதற்குள் வேகமாகச் சுழலும்போது கனமான துகள்கள் மையவிலக்கு விசையால் ஓரத்தில் ஒதுங்கிப் படிகின்றன. அந்தப் படிவு தானாக எங்கும் போகாது. பல ஆண்டுகள் திறக்கப்படாத காரில் அது கரும் மெழுகுபோல் இறுகி, வடிகட்டியையே பயனற்றதாக்கியிருக்கும். புதிதாக வாங்கிய காரில் முதலில் திறந்து சுத்தம் செய்யவேண்டிய பாகம் இதுவே. 20டபிள்யூ-50 தரத்துக் கனிம எண்ணெய் இந்த வெப்பநிலைக்குப் பொருந்துவதோடு, நாலுவீச்சு முச்சக்கர வண்டிகளுக்காக எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. காகித வடிகட்டி இல்லாமையாலும், குறுந்தூர ஓட்டத்தில் ஈரம் தங்குவதாலும், ஓடிய தூரம் குறைவாயினும் ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் மாற்றுவது இங்கு நியாயமானது. வால்வுகளை இயக்கும் புஷ் றொட் கம்பிகள் செல்லும் குழாய்களின் முத்திரைகளில் சிறிது கசிவு இவ்வகை எஞ்சின்களுக்கு இயல்பே. அந்தக் கசிவு செட்டைகளில் படிந்து தூசியைப் பிடிக்கத் தொடங்கினால் அலட்சியம் செய்யலாகாது.

வால்வு இடைவெளி சரிபார்த்தல், மெக்கானிக் இல்லாமலே உரிமையாளர் செய்யக்கூடியதும், மிகுதியாகத் தவிர்க்கப்படுவதுமான வேலை. வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் இடையே விடப்படும் மெல்லிய இடைவெளி, ஃபியட் 500க்கு எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீற்றர். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எஞ்சினைத் தொடக்காமலே மேல்மூடியைக் கழற்றி, அளக்கவேண்டிய வால்வு முழுதும் மூடிய நிலைக்கு வரும்வரை கையால் சுழற்றி, ஃபீலர் கேஜின் தகட்டை இடையில் செலுத்திப் பார்க்கவேண்டும். தகடு லேசான உரசலுடன் நழுவவேண்டும், தளர்ந்து ஆடவும் கூடாது, இழுக்கும்போது வளையவும் கூடாது. இடைவெளி அதிகமானால் டப்பெட் சத்தம் கேட்கும், உரிமையாளர் பதறுவார். இடைவெளி குறைந்தால் எஞ்சின் அமைதியாகிவிடும், உரிமையாளர் மகிழ்வார். ஆனால் ஆபத்து இரண்டாவதில்தான் உள்ளது, ஏனெனில் முழுதாக மூடாத வெளியேற்று வால்வு தன் சூட்டைத் தான் மூடி அமரும் இருக்கைக்குக் கொடுக்க வழியின்றி விளிம்பு எரிந்து போகும். சத்தம் பிடிக்காத வாடிக்கையாளருக்காக இடைவெளியை இறுக்கிக் கொடுக்கும் கராஜ் அவருக்கு நன்மை செய்வதில்லை.

பெற்றோல் பற்றிய கவலை மிகைப்படுத்தப்பட்டது. இவ்வெஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று மட்டுமே என்பதால், 92 ஒக்ரேன் தாராளமாகப் போதும். 95க்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் வீண். ஈயம் நீக்கப்பட்ட பெற்றோலால் வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சமும், அலுமினியத் தலையில் தனி இருக்கை வளையங்கள் பொருத்தப்பட்ட இவ்வெஞ்சின்களில் சாதாரண ஓட்டத்துக்குப் பொருந்தாது. கவனிக்கவேண்டியது தாங்கியில் சேரும் தண்ணீரும் துருவுமே. அவை கார்புரேற்றரின் சிறுதுளைகளை அடைத்து, ‘எஞ்சின் பழுது’ என்ற பெயரில் வீண் செலவை வரவழைக்கின்றன. சிக்கனத்தில் இக்கார்களுக்கு இணை அரிது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறையில் கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் ஒதுக்கப்பட்டபோது, நல்ல நிலையிலுள்ள ஃபியட் 500க்கு அது ஏறக்குறைய ஒரு முழுத் தாங்கியாகவும், 400 கிலோமீற்றர் ஓட்டமாகவும் இருந்திருக்கும்.

இனி இறக்கம். கட்டுகஸ்தோட்டை ஒரு சந்தி ஊர்; ஏ9 வீதி மாத்தளைக்கும், ஏ10 வீதி கலகெதர வழியே குருணாகலுக்கும் இங்கிருந்து பிரிகின்றன. குருணாகலின் உயரம் 116 மீற்றர் மட்டுமே. அங்கு சேர்வதற்குள் கார் முந்நூறு மீற்றருக்கு மேல் இறங்கவேண்டும். கண்டியிலிருந்து கொழும்புக்குக் கடுகண்ணாவை இறக்கமும், மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவும் இதைவிடக் கடினமானவை. இத்தனை இறக்கத்தின் ஆற்றலையும் நான்கு சிறிய டிரம் பிறேக்குகளே சூடாக மாற்றி வெளியேற்றவேண்டும். டிரம் சூடேறும்போது விரிவடைந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, லைனிங்கின் உராய்வும் குறைகிறது. மிதி கீழே போகிறது, கார் நிற்பதில்லை. ஒரே மாஸ்டர் சிலிண்டர் ஒரே சுற்றாக நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் அனுப்புவதால், எங்காவது ஒரு குழாய் துருவேறி வெடித்தால் நான்கும் ஒருசேரப் போய்விடும், கைப்பிறேக் ஒன்றே எஞ்சும்.

இதில் பலர் அறியாத பங்கு பிறேக் எண்ணெய்க்கு உரியது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. புதிய டொட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதி வெறுமனே அமுங்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீற்றர் மழைவீழ்ச்சி பெறும் கண்டிப் பிரதேசத்தில், ஆண்டுக்கொரு முறை அதை முழுதாக மாற்றுவதே முறை. அதே ஈரம் வீல் சிலிண்டர்களின் உட்சுவரைத் துருவாக்கி, ஒரு பிஸ்டனை இறுகச் செய்யும். பிறேக் அழுத்தும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது அதன் அறிகுறி. இறக்கத்தில் எஞ்சினையே பிறேக்காகப் பயன்படுத்தவேண்டும், அதற்குக் கியரைக் கீழே கொண்டுவரவேண்டும். ஆனால் ஃபியட் 500இன் நாலு கியர்ப் பெட்டியில் சின்க்ரோ, அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைத் தாமாக ஒத்திசைக்கும் அமைப்பு இல்லை. கிளட்ச்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, விட்டு, அக்சிலேற்றரை ஒருமுறை மிதித்து, மீண்டும் கிளட்ச்சை அழுத்திக் கீழ்க் கியரில் போடும் இரட்டைக் கிளட்ச் முறையைக் கற்காதவர், சரிவின் நடுவில் கியரைத் தவறவிட்டு நியூட்ரலில் உருள நேரிடும். ஆகையால் இறங்கத் தொடங்குமுன்பே இரண்டாம் கியரில் போட்டுவிடுவது பழக்கமாகவேண்டும். பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறங்கும் வழக்கத்தைக் கண்டிக்க வேறு சொற்கள் தேவையில்லை. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்களுக்குக் கிறீஸ் அடிப்பதும் இதனுடன் சேர்ந்தது. கிறீஸ் காணாத கிங் பின் தேய்ந்து ஸ்டியரிங் ஆடும், இறுகினால் வளைவிலிருந்து திரும்பாது.

மின் அமைப்பில் கூறவேண்டியது சிறிதே. டைனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றுவதில்லை. மழை இரவில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நெரிசலில் முன்விளக்கும் வைப்பரும் இயங்க நிற்கும் காரின் பற்றரி இறங்கிக்கொண்டே போகும். தோற்றத்தில் டைனமோ போன்ற ஆல்ற்றனேற்றர்கள் இப்போது கிடைக்கின்றன. அசல் தன்மை பற்றிய வாதம் எதுவாயினும், நாள்தோறும் ஓடும் காருக்கு அம்மாற்றம் ஏற்கத்தக்கது.

துருவே இறுதியில் இக்கார்களை முடிப்பது. ஃபியட் 500க்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை ஒட்டி ஆக்கிய உடலே சட்டமாகவும் தாங்குகிறது. எனவே தரைத்தகட்டிலும் கதவடி விளிம்புகளிலும் ஏற்படும் துரு அழகுக் குறையன்று, கட்டுமானக் குறை. துணிக்கூரையின் ஓரங்களாலும் முன்கண்ணாடி இறப்பராலும் கசியும் மழைநீர், தரைவிரிப்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் தேங்குகிறது. பற்றரித் தட்டில் சிந்தும் அமிலம் முன்பகுதித் தகட்டை அரிக்கிறது. முன்பக்கக் குறுக்கு வில்லும், பின்சக்கரப் புயங்களும் உடலுடன் சேரும் இடங்கள் மிக ஆபத்தானவை. அங்கு தகடு நைந்தால் சக்கரமே இடம்பெயரும். கேபினைச் சூடாக்கும் காற்று எஞ்சினைத் தழுவிவரும் காற்றே என்பதால், கேஸ்கெற்றோ புகைக்குழாயோ ஒழுகினால் காபன் மொனொக்சைட் உள்ளே வரும். நுவரெலியாக் குளிரில் ஹீற்றரைத் திறப்பவர் அந்த இணைப்புகளை முன்னரே பார்த்திருக்கவேண்டும். டிங்கரிங் வேலையில் துருவின் மேலேயே பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது மலிவான வழி, இரண்டு மழைக்காலத்துக்கு மேல் அது நிற்பதில்லை. நைந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு ஒட்டி, உட்குழிகளில் மெழுகுக் காப்புத் தெளிப்பதே வேலை. கண்காட்சிப் பளபளப்புக்கு இலட்சக்கணக்கில் செலவிட்டுவிட்டுப் பிறேக் குழாய்களை அப்படியே விடும் உரிமையாளர்களைப் பார்க்கையில், முன்னுரிமை எவ்வளவு தலைகீழாகியுள்ளது என்பது விளங்கும்.

உதிரிப்பாகங்கள் பற்றிய நிலை எதிர்பார்ப்பதைவிட நல்லது. பீட்டில் மெக்சிக்கோவில் 2003 வரையும், ஃபியட் 500இன் வாரிசான 126 போலந்தில் 2000 வரையும் உற்பத்தியானதால், எஞ்சின் பாகங்கள் இன்றும் உலகச் சந்தையில் உள்ளன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடுபவருக்குப் பொதுவான பெயாரிங், முத்திரை, பெல்ட் வகைகள் அளவு கொடுத்தால் கிடைக்கும். 126இன் 652 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும், மேல் மூன்று கியர்களுக்குச் சின்க்ரோ உள்ள அதன் கியர்ப் பெட்டியையும் 500இல் பொருத்துவது உலகெங்கும் வழக்கம், மலைநாட்டுக்கு அது பெரும் உதவி. ஆயினும் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இடம்பெறுவதால், அம்மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறையாகப் பதியவேண்டும். பழைய எஞ்சினையும் விற்காமல் வைத்திருப்பது நல்லது.

ஆகவே இப்பகுதியில் அத்தகைய காரை வாங்க எண்ணுபவர், எஞ்சினைத் தொடக்கிக் காட்டுமாறு கேட்குமுன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும். எஞ்சினைப் பெட்டியில் வரவழைக்கலாம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் வைக்கலாம். தரையும் வில் பொருந்தும் இடங்களும் போன காரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.